எர்த் என்பது எந்தக் கம்பி?

கிரில் பட்டறையானாலும் பாலம் கட்டும் இடமானாலும் வெல்டிங் மெஷினிலிருந்து தடித்த கேபிள்கள் இரண்டு வெளியே வரும். ஒன்றின் முனையில் ஹோல்டர் இருக்கும். ராடு அதில் மாட்டப்படும். மற்றதன் முனையில் இருக்கும் க்ளாம்ப், பற்றவைக்கும் இரும்பைக் கவ்வும். இந்த இரண்டாவது கேபிளுக்குத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வழங்கும் பெயர் ‘எர்த்’. மெஷினின் இரும்பு உறையில் போல்ட்டு போட்டு, எர்த் குழிக்கு இழுத்துச் செல்லும் கம்பிக்கும் அதே பெயர்தான். க்ளாம்ப் மாட்டிய கேபிள் வேலை நடக்கும்போதெல்லாம் 100, 200 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமக்கிறது. குழிக்குப் போகும் கம்பி, எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை ஓர் ஆம்பியர்கூடச் சுமக்கக் கூடாது. வேலையில் நேர் எதிரான இவ்விரண்டும் ஒரே பெயரில் வழங்குவது சொற்குழப்பத்தோடு நிற்பதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. பற்றவைக்கும் இரும்பை நிலத்தோடு இணைக்க வேண்டுமா, கூடாதா? இணைக்க வேண்டும் என்று சொன்ன தரநிலைகள் உண்டு. தேவையின்றி இணைக்காதே என்று சொல்பவையும் உண்டு. இரு தரப்புக்கும் தக்க காரணங்கள் இருக்கின்றன. வெல்டிங்கில் தீ, புகை, கண் எரிச்சல் என்று வேறு ஆபத்துகள் பல இருந்தாலும், மெஷினை நிறுவுவது, ஓட்டுவது, பராமரிப்பது ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டுவது இந்தக் கேள்விதான். ஆகவே இக்கட்டுரை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பெயர் வந்த வழி

1885இல் நிக்கொலாய் பெனார்தோஸ், ஸ்டனிஸ்லாவ் ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் கரித்துண்டு முனையால் மின்வில் உண்டாக்கி உலோகத்தை இணைக்கும் முறைக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார்கள். 1888இல் நிக்கொலாய் ஸ்லவ்யானவ் கரித்துண்டுக்குப் பதிலாக உருகிச் சேரும் உலோக ராடையே பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி ராடுக்கு மேல்பூச்சு கொடுத்தார். முறை இத்தனை மாறியும் அடிப்படை மாறவில்லை. ராடு ஒரு முனை, வேலைப்பொருள் மறுமுனை. மின்னோட்டம் மெஷினிலிருந்து புறப்பட்டு, வில்லைத் தாண்டி, வேலைப்பொருள் வழியாக மெஷினுக்கே திரும்பியாக வேண்டும். நிலத்துக்கு இந்தச் சுற்றில் வேலையே இல்லை.

இதை ஓர் எளிய கணக்கில் காணலாம். பட்டறை எர்த் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மெஷினின் திறந்த நிலை மின்னழுத்தம், அதாவது ராடு எதையும் தொடாதபோது ஹோல்டரில் நிற்கும் அழுத்தம், 80 வோல்ட். திரும்பும் பாதை மண் வழியாக மட்டும் என்றால் அதிகபட்சம் 16 ஆம்பியர்தான் ஓடும். அதில் எந்த ராடும் உருகாது. எர்த் கேபிளைக் கழற்றினால் வெல்டிங் நின்றுவிடுவது ஏன் என்பதற்கு இதுவே விடை. அது நிலத்துக்குப் போகும் கேபிள் அல்ல, மெஷினுக்குத் திரும்பும் கேபிள்.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலம் பேசும் பட்டறைகளிலும் இதே கேபிளுக்கு நிலம் என்னும் பொருள்படும் பெயர்தான் நிலைத்தது. அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்49.1 தரநிலை இரண்டையும் ஒரே பெயரால் குறிக்கக் கூடாது என்று தனியாகவே எச்சரிக்கிறது.

நிலத்தோடு கட்டச் சொல்லும் தரப்பு

முதல் தரப்பின் அச்சம் மெஷினுக்கு உள்ளே இருக்கிறது. வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரின் ப்ரைமரி சுருள் 230 அல்லது 415 வோல்ட் வாங்குகிறது. செகண்டரி சுருள் 80 வோல்ட் தருகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மின்காப்பு மட்டுமே. அது பொத்துப்போனால் ஹோல்டர், கேபிள், க்ளாம்ப், வேலைப்பொருள் அனைத்தும் மெயின் லைன் அழுத்தத்துக்கு ஏறிவிடும். வேலைப்பொருள் நிலத்தோடு இணைந்திருந்தால் பெரும் மின்னோட்டம் ஓடி ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். இணைந்திராவிட்டால் ஒன்றுமே நடக்காது. யாராவது வந்து தொடும்வரை அந்த இரும்பு அப்படியே காத்திருக்கும்.

இந்த வாதம் வலுவானது. ஏஎன்எஸ்ஐ தரநிலை வேலைப்பொருளை நிலத்தோடு இணைக்கச் சொன்னதும் இந்த வழியில்தான். அதே மூச்சில், பாதுகாப்புக்கான அந்த இணைப்பின் வழியே வெல்டிங் மின்னோட்டம் ஓடிவிடக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் மின்சார விதிகள், நடுத்தர அழுத்தத்தில் இயங்கும் கருவிகளின் உறைக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்றன. உறைக்கு எர்த் கொடுப்பதில் எந்தத் தரப்புக்கும் மறுப்பில்லை. வழக்கு வேலைப்பொருளைப் பற்றியது மட்டும்தான். பட்டறை நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து, ‘எர்த்தான் கொடுத்திருக்கிறதே’ என்ற ஒரே பதிலில் முடிந்துவிடுகின்றன.

இத்தரப்பின் பலவீனம் ஹோல்டரின் பக்கம் தெரிகிறது. வேலைப்பொருள் நிலத்தோடு கட்டப்பட்டுவிட்டால் சுற்றிலும் உள்ள தூண், ஏணி, ஈரத் தரை எல்லாமே வெல்டிங் சுற்றின் மறுமுனை ஆகிவிடுகின்றன. வெல்டர் ராடு மாற்றும்போது அதன் வெற்று முனையை வியர்த்த கையால் தொடுகிறார். முதுகு எங்கோ ஒரு தூணில் சாய்ந்திருக்கிறது. அவர் உடல் வழியாகச் சுற்று முழுமையாகிவிடும். அரிதாக நேரும் மெயின் லைன் பழுதைத் தடுக்கப் போய், அன்றாடம் நேரக்கூடிய 80 வோல்ட் தொடுகைக்கு வழி அகலமாகிறது.

மிதக்க விடச் சொல்லும் தரப்பு

இரண்டாம் தரப்பு இந்த இடத்தில் காலூன்றுகிறது. ப்ரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே இரட்டை மின்காப்போ வலுப்படுத்தப்பட்ட மின்காப்போ இருந்தால் முதல் தரப்பு அஞ்சும் பழுது மிக அரிதாகிவிடும். அப்படியானால் வெல்டிங் சுற்றை நிலத்தோடும் உறையோடும் சேர்க்காமல் தனியே விடுவதே நல்லது. பன்னாட்டு ஐஇசி 60974 வரிசைத் தரநிலைகளின் போக்கு பெரும்பாலும் இதுவே. வேலைப்பொருளை நிலத்தோடு இணைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அதைத் தனிக் கம்பியால் நேரடியாகச் செய்யுங்கள் என்பது இவர்கள் தரும் சலுகை.

இத்தரப்புக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. மிதக்க விடுவது பல இடங்களில் வெறும் பெயரளவில்தான் நடக்கும் என்பது ஒன்று. கான்கிரீட்டில் ஊன்றிய தூணையும், மண்ணில் கிடக்கும் குழாயையும், தண்ணீரில் நிற்கும் கப்பலையும் யாரும் கேட்காமலே நிலம் தன்னோடு இணைத்துக்கொண்டுவிட்டது. மற்றது இன்னும் ஆழமானது. இந்த வாதத்தின் முழு எடையும் மின்காப்பின் மேல் நிற்கிறது. தொழிற்சாலையில் சோதித்து முத்திரையிட்ட மெஷினில் அந்த நம்பிக்கை சரி. சுருள் கருகி, வைண்டிங் கடையில் இரண்டு மூன்று முறை காயில் கட்டி வாங்கிய எண்ணெய்க் குளிர்ப்பு டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதே நம்பிக்கையை நீட்டுவது கடினம். காயில் கட்டுபவரின் கைத்திறன் நன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு சுருள்களுக்கும் நடுவே என்ன காகிதம், எத்தனை சுற்று, எவ்வளவு வார்னிஷ் என்பதற்கு மெஷினில் எந்தச் சாட்சியும் இராது.

திரும்பும் வழி தவறினால்

இரு தரப்பும் ஒன்றாக அஞ்சும் ஆபத்து ஒன்று உண்டு. இவ்விவாதத்தின் மையம் அதுதான் என்பது என் மதிப்பீடு. அதைத் திரிமின்னோட்டம் என்று சொல்லலாம்: தன் பாதையை விட்டு வேறு வழியாகத் திரும்பும் வெல்டிங் மின்னோட்டம்.

ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். எர்த் க்ளாம்ப் கைக்கு எட்டிய தூணில் மாட்டப்பட்டிருக்கிறது. வேலைப்பொருளோ மரக்கட்டைகளின் மேல் கிடக்கிறது; தூணோடு அதற்குச் சரியான தொடர்பு இல்லை. அதன் மேல் ஒரு மேக்னட் டிரில் ஒட்டி நிற்கிறது. டிரில்லின் ப்ளக்கில் மூன்று பின்கள்; அதன் உறை எர்த்தோடு இணைந்திருக்கிறது. வெல்டர் ராடை உரசியதும் வில் பிடித்துக்கொள்கிறது, வேலையும் நடக்கிறது. அந்த 150 ஆம்பியர் எந்த வழியாகத் திரும்புகிறது? டிரில்லின் உறை, அதன் கேபிளுக்குள் இருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பச்சைக் கம்பி, கட்டடத்தின் எர்த் வலை, தூண், க்ளாம்ப் என்ற வழியில். அந்த மெல்லிய கம்பி இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது சூடேறி, உறை உருகி, எங்கோ உள்ளே அறுந்துபோகும். டிரில் மட்டும் முன்போலவே சுழலும். அதன் எர்த் செத்துவிட்டது என்று சொல்ல ஓர் அடையாளமும் வெளியே தெரியாது. சில மாதம் கழித்து அந்த டிரில்லின் உள்ளே வேறொரு பழுது வரும் நாளில் அதைப் பிடித்திருப்பவர், இந்த வெல்டிங் வேலையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவராக இருக்கலாம்.

இந்த ஆபத்தின் கொடுமை அங்கேதான் இருக்கிறது. தவறு செய்த கையும் அடிபடும் கையும் ஒன்றல்ல. வெல்டிங் நன்றாகப் பிடிக்கிறது என்பதை வைத்துப் பாதை சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதையும் இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது.

கொக்கியில் தொங்கும் பொருளை வெல்டிங் செய்தால் கிரேனின் கம்பிவடம் இதே பாதையாகும்; இழைகள் உள்ளுக்குள் கருகும். சுழலும் தண்டைப் பற்றவைக்கும்போது க்ளாம்ப் பேரிங்குக்கு அப்பால் இருந்தால், பந்துகளுக்கும் தடத்துக்கும் இடையே நுண்பொறிகள் பாய்ந்து குழிகள் விழும். கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டும் தொழிலுக்கு இது நேரடியான செய்தி. க்ளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுவதும், பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், இன்றைய வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பிரித்துவைப்பதும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. தீயும் இதே வழியில் வரும். குழாயின் தளர்ந்த மரைஇணைப்பு வழியே 200 ஆம்பியர் ஓடி அங்கே 0.01 ஓம் தடை இருந்தால் 400 வாட் வெப்பம் பிறக்கும். வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து அது பல மீட்டர் தள்ளி, எவர் பார்வையும் படாத மூலையில் நடக்கலாம்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.254 இதைத் தெளிவாகப் பேசுகிறது. சங்கிலி, கம்பிவடம், கிரேன், ஹாயிஸ்ட், லிஃப்ட் எதுவும் வெல்டிங் மின்னோட்டத்தைச் சுமக்கக் கூடாது. மின்கம்பி செல்லும் இரும்புக் கான்ட்யூட்டைத் திரும்பும் பாதையாக்கக் கூடாது. குழாய்வரிசையைக் கட்டும்போதோ பழுதுபார்க்கும்போதோ மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அப்போதும் மரைஇணைப்பு, ஃபிளான்ஜ் வழியாக மின்னோட்டம் போகக் கூடாது. வேலைப்பொருளை நிலத்தோடு இணைப்பதா இல்லையா என்ற வழக்கில் யார் வென்றாலும் இந்தத் தடைகளின் தேவை மாறாது.

அழுத்தத்தையே குறைக்கும் வழி

மூன்றாவது தரப்பு கேள்வியையே திருப்பிப் போடுகிறது. பாதையைப் பற்றி வாதாடுவதற்கு முன், உடலைக் கொல்லாத அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் என்ன?

இதற்கு அடித்தளமாக அமைந்தவை சார்ல்ஸ் டால்சியல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகள். பிடித்த கையை விடுவித்துக்கொள்ள முடிகிற எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 60 ஹெர்ட்ஸ் ஏசியில் 16 மில்லிஆம்பியர், டிசியில் 76 மில்லிஆம்பியர் என்று அவர் கண்டார். ஈரத்தில் உடலின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். அந்த நிலையில் 80 வோல்ட் ஏசி 80 மில்லிஆம்பியரைச் செலுத்தும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது போதும். ‘ஹோல்டரில் வருவது சின்ன கரண்ட், ஒன்றும் செய்யாது’ என்ற பட்டறை நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்காது. காய்ந்த கையில் பல ஆண்டு ஒன்றும் செய்யாமல் இருந்ததே அந்த நம்பிக்கையை வளர்க்கிறது.

இன்னொரு நம்பிக்கையும் இதே இடத்தில் உடைகிறது. மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் கசிவுப் பிரேக்கர் போட்டுவிட்டால் ஹோல்டரில் ஷாக் அடிக்காது என்று பலர் கருதுகிறார்கள். ப்ரைமரிப் பக்கக் கசிவை அது பிடிக்கும். அதற்காகவே அது வேண்டும். ஆனால் செகண்டரிச் சுற்று காந்தப்புலத்தால் மட்டுமே ப்ரைமரியோடு தொடர்புடையது. வெல்டரின் உடல் வழியாக ஓடும் மின்னோட்டம் செகண்டரிக்கே திரும்பிவிடுவதால் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது.

ஐஇசி 60974-1 சாதாரணச் சூழலில் ஏசிக்கு 80 வோல்ட் வரை அனுமதிக்கிறது. ஷாக் ஆபத்து மிகுந்த சூழலில் அது 48 வோல்ட்டாக இறங்குகிறது; டிசிக்கு இரண்டு சூழலிலும் உச்சம் 113 வோல்ட். ஆபத்து மிகுந்த சூழலுக்கு ஏற்ற மெஷினில் ‘எஸ்’ குறி இருக்கும். அச்சூழலின் வரையறையில்தான் நமக்குச் செய்தி இருக்கிறது. நெருக்கடியான இடம், சுற்றிலும் உலோகம் ஆகியவற்றோடு, வெப்பத்தாலும் வியர்வையாலும் தோலின் தடை பெரிதும் குறையும் இடமும் அதில் அடங்கும். மே மாதத்துச் சென்னையில் தகரக் கூரையின் கீழ் நடக்கும் வெல்டிங்கை இந்த வரையறைக்கு வெளியே நிறுத்த வழி இருப்பதாகத் தோன்றவில்லை. குளிர்நாட்டில் விதிவிலக்காக எழுதப்பட்டது இங்கே ஆண்டின் பெரும்பகுதிக்குப் பொது விதியாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியத் தரநிலை 1674.2 மேலும் ஒரு படி செல்கிறது. ஈரமும் வியர்வையும் மிகுந்த இடங்களுக்கு அது டிசியில் 35 வோல்ட், ஏசியில் 25 வோல்ட் என்று எல்லை வகுக்கிறது. வில் இல்லாத நேரத்தில் அழுத்தத்தைத் தானே இறக்கும் விஆர்டி என்ற கருவி இதனால் அங்கே பரவியது. அதற்கும் குறைகள் உண்டு. ராடு பிடிக்கத் தாமதமாகும். லோ ஹைட்ரஜன் ராடில் இந்தத் தொல்லை கூடுதல். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் வெல்டருக்கு ஒவ்வொரு தாமதமும் பணம். அவர் அதை அணைத்துவைக்க விரும்பினால் பழியை அவர் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. மேலும், விஆர்டி ஒரு மின்னணுக் கருவி. அது பழுதானால் முழு அழுத்தமும் சத்தமின்றித் திரும்பிவிடும்.

அழுத்தக் கணக்கைக் குலைக்கும் இன்னொன்று, ஒரே இரும்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெஷின்கள் ஓடுவது. டிசியில் ஒன்றின் ஹோல்டர் பாசிட்டிவ், மற்றதன் ஹோல்டர் நெகட்டிவ் என்று அமைந்தால் இரண்டு ஹோல்டருக்கும் இடையே 80 வோல்ட் அல்ல, 160 வோல்ட் நிற்கும். இரண்டு வெல்டர்களும் கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்யக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான்.

காப்பு எத்தனை நாள் நிற்கும்?

எந்தத் தரப்பை ஏற்றாலும் கடைசியில் அது பராமரிப்பில் வந்து நிற்கிறது. மெஷினின் பெயர்ப்பலகையில் 200 ஆம்பியர், 60 சதவீதம் என்று இருந்தால், 40 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் மட்டும் அந்த மின்னோட்டத்தில் வில் எரியலாம் என்பது பொருள். அதே மெஷினை 250 ஆம்பியரில் ஓட்டினால் நான்கு நிமிடம்கூடக் கிடைக்காது. நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ 155 ஆம்பியர்தான். இந்த எண்ணை வேலை வேகத்தின் கணக்காக மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அது மின்காப்பின் ஆயுள் கணக்கு. வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் பழைய தோராய விதி. ஆக, மிதக்க விடச் சொல்லும் தரப்பு எந்தக் காப்பை நம்பி நிற்கிறதோ, அதை நாம் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக எரித்துக்கொண்டிருக்கலாம்.

அதை அறிய வழி இருக்கிறது. மின்காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் அளந்தால் ப்ரைமரிக்கும் வெல்டிங் சுற்றுக்கும் இடையே குறைந்தது 5 மெகாஓம், வெல்டிங் சுற்றுக்கும் எர்த் இணைப்புக்கும் இடையே 2.5 மெகாஓம் இருக்க வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் இது சில நிமிட வேலை. இன்வெர்ட்டர் வகை மெஷினில் மட்டும் கவனம் தேவை: உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும், மின்னணுப் பாகங்களைப் பிரிக்காமல் மெக்கர் வைத்தால் அவை போய்விடும். க்ளாம்பின் ஸ்பிரிங், லக்கின் இறுக்கம், கேபிளின் வெடிப்பு ஆகியவற்றுக்குக் கருவியே வேண்டாம். வேலை முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு இணைப்புகளின் அருகே கை வைத்தால் எது தளர்ந்திருக்கிறது என்று வெப்பமே சொல்லும்.

முடியாத வழக்குகள்

இதுவரை கண்டதைக் கொண்டு ஒன்றை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ‘நிலத்தோடு கட்டு’, ‘மிதக்க விடு’ என்பவை எல்லா மெஷினுக்கும் பொருந்தும் விடைகள் அல்ல. மெஷினின் உள்ளே இருக்கும் காப்பின் தரத்தைப் பொறுத்து மாறுபவை. முத்திரையும் சோதனைச் சான்றும் உள்ள மெஷினுக்கு இரண்டாம் தரப்பின் வாதம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. காயில் கட்டிய மெஷினுக்கு, மெக்கர் சோதனை இல்லாதவரை, முதல் தரப்பின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அங்கே வேலைப்பொருளுக்குத் தனி எர்த் கம்பி, அருகில் மாட்டிய திரும்பும் க்ளாம்ப் என்ற இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது.

திறந்தே கிடக்கும் கேள்விகளும் உள்ளன. காயில் கட்டிய வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிக் கொடுக்கும் முன் காப்புச் சோதனை செய்து, அந்த எண்ணை மெஷினிலேயே எழுதித் தரும் பொறுப்பு யாருடையது? திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் இதே மாநிலத்தில், சாலையோரப் பட்டறைக்கு எட்டும் தூரத்தில், எட்டும் விலையில் அத்தகைய சோதனை எப்படி அமையும்? வியர்வையைக் கணக்கில் எடுத்து 48 வோல்ட்டைப் பொது விதியாக்கினால் சாதாரண ஏசி டிரான்ஸ்ஃபார்மரில் வில் நிலைக்காது. மலிவான இன்வெர்ட்டர்கள் அந்த இடத்தை நிரப்பலாம், ஆனால் அவற்றின் காப்பு பத்தாண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு அனுபவம் போதவில்லை.

இவற்றுக்கு விடை தேடத் தேவையான தரவு திரட்டப்படும் முறையிலும் குறை இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் வெளியாகும் விபத்து மரணக் கணக்கு, மின்சாரம் தாக்கி இறந்தவர்களை ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவிடுகிறது. வெல்டிங்கின்போது இறந்தவருக்கு அடித்தது மெயின் லைன் கேபிளா, ஹோல்டரின் 80 வோல்ட்டா, வேறெங்கோ எர்த் அறுந்த ஒரு டிரில்லா என்பது அந்தத் தலைப்பிலிருந்து தெரியாது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. விபத்து நடந்த இடத்துக்கு வரும் ஆய்வாளர், ‘எர்த் கொடுத்திருந்ததா’ என்று கேட்பதோடு நிற்காமல், எந்தக் கம்பி எங்கே மாட்டப்பட்டிருந்தது என்றும் குறித்துக்கொண்டால், அந்த மூன்றையும் பிரித்து எண்ணத் தொடங்கலாம்.